வகுப்பறைக் கூரையும் மானியக் கணக்கும்

ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் வகுப்பறை எப்படி இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் கரும்பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருப்பார். உங்கள் கண்கள் பலகையின் மேல் இருக்கும். மனமோ தண்ணீர்ப் பானையைச் சுற்றிக்கொண்டிருக்கும். மின்விசிறி சுழன்றாலும் அது கீழே தள்ளுவது அனல் காற்றைத்தான். "அப்பப்பா, என்ன வெயில்!" என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வெயில் வகுப்பறைக்குள் வரவில்லையே! நமக்கும் வெயிலுக்கும் நடுவே கான்கிரீட் கூரை இருக்கிறதே! அப்படியானால் நம்மை வாட்டுவது எது? அந்தக் கூரையேதான்.

இந்தக் கட்டுரை அந்தக் கூரையைப் பற்றியது. அதைவிட, அத்தகைய கூரைகளைச் சீர்செய்யப் பணம் ஒதுக்கும்போது போடப்படும் ஒரு கணக்கைப் பற்றியது என்று சொல்வது பொருந்தும். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது என்பது என் கருத்து. அது கூட்டல் கழித்தலில் உள்ள பிழை அன்று. எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பதில் உள்ள பிழை.

மானியம் எதற்கு?

பள்ளி, அங்கன்வாடி, ஊர்ப்புற நூலகம், சமுதாயக் கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை எல்லாம் பொதுக் கட்டடங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் மட்டுமே 37,000-க்கு மேல் உள்ளன. அங்கன்வாடி மையங்கள் ஏறத்தாழ 54,000. இவற்றில் மின்சாரத்தை நல்ல முறையில் பயன்படுத்தச் செய்வது பெரிய வேலைதான்.

உங்கள் வீட்டில் பழைய குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்கைப் போட்டால் அதன் பலன் உங்கள் வீட்டுக்கே கிடைக்கிறது. பணம் போட்டவரும் உங்கள் அப்பா. பலன் பெறுபவரும் அவரே. பொதுக் கட்டடத்தில் அப்படியில்லை. மின்கட்டணம் ஓரிடத்திலிருந்து கட்டப்படும். பழுதுபார்க்கும் பொறுப்பு வேறோரிடத்தில் இருக்கும். உள்ளே உட்கார்ந்து வேர்வை சிந்துபவர்கள் மாணவர்கள். தலைமையாசிரியர் அரும்பாடுபட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தினாலும் அந்த மிச்சத்தைக் கொண்டு பள்ளிக்கு ஒரு பெஞ்சு வாங்கிவிட முடியாது. "எல்லாருக்கும் உரியது யாருக்கும் உரியதன்று" என்ற நிலை இப்படித்தான் வந்துவிடுகிறது.

இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகத் தரப்படுவதே மானியம். இது கடன் அன்று; திருப்பித் தர வேண்டியதில்லை. "இந்தப் பணத்தைக் கொண்டு உங்கள் கட்டடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு மின்சாரம் குறைவாகச் செலவாகட்டும்" என்று அரசோ வேறு பொது நிறுவனமோ கொடுப்பது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேட்பவர்கள் பலர். இருக்கும் பணம் கொஞ்சம். யாருக்கு முதலில் கொடுப்பது? இங்கேதான் கணக்கு வருகிறது.

போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்?

வழக்கமான கணக்கு மிக எளியது. ஒரு வேலைக்கு ஆகும் செலவை, அதனால் ஆண்டுதோறும் மிச்சமாகும் மின்கட்டணத்தால் வகுக்க வேண்டும். வரும் விடை, போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பதைக் காட்டும். விடை சிறியதாக இருந்தால் நல்ல திட்டம். பெரியதாக இருந்தால் அவ்வளவு நல்லதன்று.

வாருங்கள், நாமே ஒரு கணக்குப் போடுவோம். எண்களை எளிமைக்காக நாமே வைத்துக்கொள்வோம்.

ஒரு வகுப்பறையில் நான்கு பழைய மின்விசிறிகள். ஒவ்வொன்றும் 75 வாட் மின்திறன் எடுப்பது. நாளைக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள், ஆக 1,200 மணி நேரம் ஓடுகின்றன. செலவு 4 × 75 × 1,200 = 3,60,000 வாட்-மணி; அதாவது 360 யூனிட். இப்போது கடைகளில் 30 வாட் அளவிலேயே நன்றாகச் சுழலும் புதிய வகை மின்விசிறிகள் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டால் செலவு 144 யூனிட்தான். மிச்சம் 216 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,728 ரூபாய் மிச்சம். மின்விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்றால் நான்குக்கு 12,000 ரூபாய். ஏறத்தாழ ஏழு ஆண்டில் பணம் திரும்பிவிடும். சுமாரான திட்டம்.

இனி அடுத்த பள்ளிக்குப் போவோம். அங்கும் நான்கு மின்விசிறிகள் உண்டு. ஆனால் மூன்று ஓடுவதில்லை. ஒன்றே ஒன்று 'கடக் கடக்' என்று சுழல்கிறது. அதன் கீழே உட்காரத் தினமும் போட்டி. அந்த வகுப்பறை இப்போது செலவிடுவது 90 யூனிட். அங்கே நான்கு புதிய மின்விசிறிகளைப் போட்டால் செலவு 144 யூனிட் ஆகும். மிச்சம் எவ்வளவு? மிச்சமே இல்லை. 54 யூனிட் கூடுதல் செலவு! மானியப் படிவத்தில் 'மிச்சமாகும் யூனிட்' என்ற கட்டத்தில் தலைமையாசிரியர் எதை எழுதுவார்? கழித்தல் குறி போட்டு 54 என்றா எழுதுவார்?

நாற்பது பிள்ளைகளுக்குக் காற்று கிடைத்தது. பழைய மின்விசிறிகளாக இருந்தால் 360 யூனிட் பிடித்திருக்கும் வேலை 144 யூனிட்டில் முடிந்தது. ஆயினும் கணக்கு அதை 'நஷ்டம்' என்று சொல்கிறது.

மூன்றாவதாக ஓர் அலுவலகம். குளிர்சாதனக் கருவி 1,500 வாட் எடுத்துக்கொண்டு நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓடுகிறது. ஆண்டுக்கு 3,000 யூனிட். அதன் மொட்டைமாடிக்கு 3,000 ரூபாய் செலவில் வெள்ளை பூசினால் கருவியின் வேலை பத்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொள்வோம். 300 யூனிட் மிச்சம், 2,400 ரூபாய். ஒன்றேகால் ஆண்டில் பணம் திரும்பிவிடுகிறது. மிகச் சிறந்த திட்டம்! அதே 3,000 ரூபாய்க்கு அதே வெள்ளையை நமது இரண்டாவது பள்ளியின் மாடியில் பூசினால்? அங்கேதான் குளிர்சாதனம் இல்லையே. மிச்சம் சுழி. சுழியால் வகுக்க முடியுமா? விடையே வராது. பணமும் வராது.

இப்போது பிழை எது என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். மிச்சமாகும் யூனிட்டை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால், ஏற்கெனவே நிறையச் செலவழிப்பவருக்கே நிறையக் கிடைக்கும். ஒன்றும் இல்லாதவரிடம் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? பட்டினி கிடப்பவனிடம் போய், "நீ சாப்பாட்டில் எவ்வளவு குறைத்துக்கொள்வாய்?" என்று கேட்பது போன்றது இது.

சிக்கனம் வேறு, திறன் வேறு

இங்கே அறிவியல் நமக்குத் துணை வருகிறது. ஆற்றல் திறன் என்பது ஒரு பின்னம். மேலே தொகுதியில் பெற்ற பயன். கீழே பகுதியில் செலவிட்ட ஆற்றல். இந்தப் பின்னத்தைப் பெரிதாக்க இரண்டு வழிகள் உள்ளன. பகுதியைக் குறைக்கலாம், அல்லது தொகுதியைக் கூட்டலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பகுதி குறையும். அதோடு தொகுதியும் குறைந்துவிடும். அது சிக்கனம், திறன் அன்று.

மானியக் கணக்குப் பகுதியை மட்டும் பார்க்கிறது. தொகுதியைப் பார்க்க மறந்துவிடுகிறது. வகுப்பறையில் பெறும் பயன் என்ன? பிள்ளைகள் தலைவலியின்றி, தூக்கம் வராமல், பாடத்தைக் கேட்பது. அங்கன்வாடியில் பெறும் பயன் என்ன? மூன்று வயதுக் குழந்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிம்மதியாக உறங்குவது. இவை எண்ணில் வராதவை என்று விட்டுவிடுகிறோம். எண்ணில் வரும், அதைப் பிறகு காட்டுகிறேன்.

கூரை செய்யும் வேலை

முதலில் கூரையைக் கவனிப்போம். குளிர்நாடுகளில் கட்டடத்தின் முதல் பிரச்சினை உள்ளே இருக்கும் வெப்பம் சுவர் வழியாகவும் சாளர இடுக்கு வழியாகவும் வெளியே ஓடுவது. நம் நாட்டில் பிரச்சினை தலைகீழ். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஆண்டில் இரு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும், நண்பகல் சூரியன் அதன் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. கோடைக்காலம் முழுவதும் உச்சிக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே நண்பகல் வெயிலைச் சுவரைவிடக் கூரையே மிகுதியாக வாங்கிக்கொள்கிறது.

மேகமற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். உங்கள் வகுப்பறை 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்டது என்றால் கூரையின் பரப்பு 36 சதுர மீட்டர். அதன் மேல் விழுவது 36,000 வாட்! நான்கு பழைய மின்விசிறிகளும் சேர்ந்து எடுக்கும் 300 வாட்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெயிலில் கறுத்த பழைய கான்கிரீட் தளம், விழும் ஒளியில் 30 விழுக்காடு அளவே திருப்பி அனுப்புகிறது. புதிதாகச் சுண்ணாம்பு பூசிய தளம் 70 விழுக்காடும் அதற்கு மேலும் திருப்பி அனுப்பவல்லது. வேறுபாடு 40 விழுக்காடு. 36,000 வாட்டில் 40 விழுக்காடு 14,400 வாட். இவ்வளவும் முன்பு அறைக்குள் இறங்கியது என்று எண்ணிவிடாதீர்கள். உட்கவர்ந்த வெப்பத்தில் பெரும்பகுதியைத் தளம் காற்றுக்கும் வானுக்கும் திருப்பிவிடுகிறது. ஒரு பகுதிதான் கீழே கடத்தப்படுகிறது. ஆனால் அந்த ஒரு பகுதியே நம்மை வாட்டப் போதுமானது.

கான்கிரீட் தளம் நாலைந்து அங்குலக் கனம் உள்ளது. வெப்பம் அதன் வழியே இறங்கிவரச் சில மணி நேரம் பிடிக்கிறது. ஆகவே நண்பகல் வெயில் பிற்பகலில்தான் நம் தலைக்கு மேல் வந்து சேர்கிறது. கடைசிப் பாடவேளையில் கணக்கு ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம்! அந்த நேரத்தில் கூரையின் அடிப்பக்கம் ஒரு பெரிய அடுப்புக்கல்லைப் போல் வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டிருக்கும். மின்விசிறி காற்றை நகர்த்தும். கதிர்களை அதனால் நகர்த்த முடியாது.

நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாகப் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். மழை ஒழுகாமல் காத்ததோடு வெப்பத்தையும் அது தடுத்தது. செலவைக் குறைக்க வேண்டிக் கட்டிய பல கட்டடங்களில் அந்த அடுக்கு இல்லை. அன்றைக்கு மிச்சப்படுத்திய பணத்துக்கு இன்று பிள்ளைகள் வட்டி கட்டுகிறார்கள்.

பிற நாட்டார் செய்தது

பொதுக் கட்டடங்களுக்கு மானியம் கொடுக்கும் யோசனை புதியதன்று. 1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனைக்குத் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடேற்ற எண்ணெயை நம்பியிருந்த நாடுகள் திகைத்துப்போயின. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1978இல் இயற்றிய ஆற்றல் சேமிப்புச் சட்டத்தில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மானியம் தர வழி செய்யப்பட்டது. முதலில் கட்டடத்தை ஆராய்ந்து ஆற்றல் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகே திருத்தும் வேலைக்குப் பணம். இந்த வரிசை மிகச் சரியானது. நோயைக் கண்டறிந்த பின்தானே மருந்து!

ஆனால் ஒரு நிபந்தனையும் இருந்தது. பொதுவாகச் செலவில் பாதியை நிறுவனமே போட வேண்டும். வசதியற்றவர்களுக்கு அதிகப் பங்கு தர இடமிருந்தாலும், பாதிப் பணம் என்பது ஏழைப் பள்ளிக்கு மலைதான். நம் தமிழ்நாட்டின் 'நமக்கு நாமே' திட்டத்திலும் ஊர் மக்கள் ஒரு பங்கு போடுகிறார்கள். தாம் பணம் போட்ட கட்டடத்தை மக்கள் பாதுகாப்பார்கள் என்பது அதன் நன்மை. பங்கு போட முடியாத ஊர் பின்தங்கிவிடும் என்பது அதன் குறை.

அதே அமெரிக்கா 2021இல் இயற்றிய உட்கட்டமைப்புச் சட்டத்தில் பள்ளிகளின் ஆற்றல் திருத்தங்களுக்காக ஐந்து ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் ஒதுக்கியது. இந்த முறை சட்டத்தில் இரண்டு புதிய எண்ணங்கள் இருந்தன. இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள மாணவர்கள் மிகுதியாக உள்ள இடங்களுக்கு முன்னுரிமை என்பது ஒன்று. மாணவர், ஆசிரியர் உடல்நலத்துக்கு உதவும் திருத்தங்களையும் ஆற்றல் மிச்சத்தோடு சேர்த்துக் கணக்கில் எடுப்பது மற்றொன்று. ஆக, தொகுதியையும் பார்க்க வேண்டும் என்பது ஒரு செல்வ நாட்டின் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

நம் நாட்டின் நிலை

நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் உண்டு. 2001இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் மலிவு விலையில் விற்கப்பட்டன. 2007இல் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு வெளிவந்தது. ஆனால் அது மிகுதியான மின் இணைப்புள்ள பெரிய கட்டடங்களுக்காக எழுதப்பட்டது. ஐந்து வகுப்பறை கொண்ட ஒரு பள்ளியில் 20 மின்விசிறியும் 20 குழல் விளக்கும் இருந்தால் எல்லாம் சேர்ந்து 3 கிலோவாட்டைக்கூட எட்டாது! சிறிய மீன்கள் வலைக்கண் வழியே நழுவிவிடுவது போலச் சிறிய பொதுக் கட்டடங்கள் இத்தகைய விதிகளிலிருந்து நழுவிவிடுகின்றன.

வெப்பத்தை நேரடியாகப் பார்த்தவர்களும் உண்டு. 2010 மே மாத வெப்ப அலையில் பலரைப் பறிகொடுத்த ஆமதாபாத் நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. 2017இல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதும் அதில் சேர்ந்தது. 2023இல் தெலங்கானா மாநிலம் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரைப் பரப்பைக் குளிர்விப்பது அதன் குறிக்கோள். இவற்றில் கேட்கப்பட்ட கேள்வி, "எத்தனை யூனிட் மிச்சம்?" என்பதன்று. "எத்தனை டிகிரி குறையும்?" என்பது. நம் பள்ளிகளுக்குத் தரப்படும் மானியத்திலும் இந்தக் கேள்வி முதலில் வர வேண்டும் என்பதே என் வாதம்.

மறுப்புக்கு விடை

இதை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. "பொதுப்பணம் என்பது மக்களின் பணம். அதைச் செலவிட்டால் பலனைக் காட்ட வேண்டும். யூனிட் என்பது மீட்டரில் தெரியும். 'பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்கள்' என்பதை எந்த மீட்டரில் பார்ப்பது?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

வெப்பமானி என்று ஒன்று இருக்கிறதே! ஏப்ரல் மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பறையின் வெப்பநிலை என்ன? வெளியே நிழலில் என்ன? சுண்ணாம்பு பூசுமுன் என்ன, பூசிய பின் என்ன? இவற்றைக் குறித்துவைத்தால் பலன் எண்ணில் வந்துவிடுகிறது. 'ஒரு டிகிரி குறைக்க ஒரு மாணவருக்கு எத்தனை ரூபாய் செலவாயிற்று' என்றுகூடக் கணக்கிடலாம். அப்படிக் கணக்கிட்டால் நமது இரண்டாவது பள்ளி வரிசையின் முதலிடத்துக்கு வந்துவிடும். அலுவலகம் பின்னே போய்விடும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. "ஏழைப் பள்ளியில் மின் செலவைக் கூட்டினால் நாட்டின் மின் தேவை ஏறாதா?" ஏறும், ஆனால் மிகக் கொஞ்சம். இன்று மின்விசிறி இல்லாத வகுப்பறைக்கு என்றாவது ஒருநாள் மின்விசிறி வரத்தான் போகிறது. அது 75 வாட் விசிறியாக வருமா, 30 வாட் விசிறியாக வருமா என்பதே கேள்வி. கூரை குளிர்ந்திருந்தால் நாளைக்குக் குளிர்சாதனம் கேட்கும் அவசியமும் வராது. பின்னால் வரப்போகும் செலவை முன்னாலேயே தடுப்பதும் சேமிப்புதான்.

மூன்று யோசனைகள்

வெறுமனே குறை சொல்வது அழகன்று. ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, வரிசை. ஒரு கட்டடத்துக்கு மானியம் கொடுக்கும்போது முதலில் கூரை. அடுத்து காற்றோட்டமும் நிழலும். அடுத்து குறைந்த மின்திறனில் ஓடும் விசிறியும் விளக்கும். கடைசியாகவே சூரியப் பலகைகள். சூரியப் பலகை நல்ல சாதனம்தான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும், திறப்புவிழாவுக்கு ஏற்றது. சுண்ணாம்பு பூசிய மொட்டைமாடியைக் காக்கைதான் பார்க்கும்! கண்ணுக்குத் தெரிவதற்குப் பணம் எளிதில் கிடைப்பதும், தெரியாதது காத்துக்கிடப்பதும் சரியன்று.

இரண்டாவது, பராமரிப்பு. எனக்குத் தெரிந்த ஒரு சிற்றூர் நூலகத்தில் சூரிய விளக்குகள் வைத்தார்கள். சில ஆண்டுகள் நன்றாக எரிந்தன. மின்கலம் தன் ஆயுள் முடிந்து செயலிழந்தபோது புதியது வாங்கப் பணம் இல்லை. வைப்பதற்கு மானியம் இருந்தது, காப்பதற்கு இல்லை. கடைசியாக நான் போனபோது பலகையின் மேல் யாரோ வற்றல் காயவைத்திருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சும் அப்படித்தான். மழையில் கரையும், புழுதி படிந்தால் ஒளியைத் திருப்பும் தன்மை குறையும். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்து கோடை தொடங்குமுன் மீண்டும் பூச வேண்டும். ஆகவே ஒரே தடவையில் பெருந்தொகை கொடுப்பதைவிட, ஒரு பங்கைப் பிரித்து ஆண்டுதோறும் சிறு தொகையாகக் கொடுப்பது மேல்.

மூன்றாவது, அளவு. பணம் கொடுக்குமுன்னும் கொடுத்த பின்னும் வெப்பநிலையும் மீட்டர் எண்ணும் குறித்துவைக்கப்பட வேண்டும். இதற்கு வெளியூரிலிருந்து நிபுணர் வந்து தங்க வேண்டியதில்லை. அந்தப் பள்ளியிலேயே இருக்கும் உங்களைவிட நல்ல நிபுணர் யார்?

நீங்கள் செய்யக்கூடியது

ஒரு சிறு சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மூடிக்குச் சுண்ணாம்பு பூசிக் காயவையுங்கள். மற்றதன் மூடிக்குச் சிமெண்டைக் கரைத்துப் பூசிக் காயவையுங்கள். இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு வெப்பமானியை வைத்து மூடி, டப்பாக்களின் பக்கங்களைத் துணியால் சுற்றி வெயிலில் வையுங்கள். கால் மணிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து, வரைபடத்தாளில் கோடு வரையுங்கள். சுண்ணாம்பு கண்ணிலோ கையிலோ படாமல் ஆசிரியர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

அடுத்தது சற்றுப் பெரிய வேலை. ஒரு மாதத்துக்கு நாள்தோறும் காலை 10 மணிக்கும், மதியம் 1 மணிக்கும், பிற்பகல் 3 மணிக்கும் வகுப்பறையின் வெப்பநிலையை ஒரு நோட்டில் எழுதுங்கள். மேல்மாடி வகுப்பையும் கீழ்த்தள வகுப்பையும் ஒப்பிடுங்கள். மின்விசிறிகள் எத்தனை, ஓடுபவை எத்தனை, வாரத்துக்கு எத்தனை யூனிட் என்பனவற்றையும் குறியுங்கள். மொட்டைமாடிக்கு மட்டும் தனியே ஏறாதீர்கள்.

அந்த நோட்டை உங்கள் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கொடுங்கள். கிராமசபைக் கூட்டம் ஆண்டுக்குப் பல முறை நடக்கிறது. உங்கள் அப்பாவோ அம்மாவோ அதைக் கையில் எடுத்துப் போய்ப் படிக்கலாம். "வகுப்பறை சூடாக இருக்கிறது" என்று சொன்னால், "கோடையென்றால் சூடாகத்தான் இருக்கும்" என்று பதில் வரும். "கீழ்த்தள வகுப்பைவிட மேல்தள வகுப்பு பிற்பகலில் இத்தனை டிகிரி அதிகம், இதோ முப்பது நாள் கணக்கு" என்று சொன்னால், அதற்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது.

மானியம் கொடுப்பவர் ஒரு கணக்குக் கேட்கிறார், அதில் தவறில்லை. அவர் கேட்க மறந்த எண்ணை நாம் எழுதிக் கொடுப்போம். உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இன்றைய தேதியையும், பிற்பகல் மூன்று மணி வெப்பநிலையையும் எழுதித் தொடங்குங்கள்.